பிள்ளை பிடிக்கப் போன தாசையன் சார்

தாசையன் சார் காலமான செய்தி, காலையில் நான் தோசைக்கல்லில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தபோது நம் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர்களின் வாட்ஸாப் குழுவில் வந்தது. யாரோ அவருடைய படத்தை மட்டும் போட்டிருந்தார்கள். கழுத்தில் விசில், தலையில் வெள்ளைத் தொப்பி, முகத்தில் வெயிலைத் திட்டுகிற அந்தச் சுளிப்பு. கீழே ஒரு வரி எழுதியிருக்கலாம், எழுதவில்லை. நம் பிள்ளைகளுக்குப் பொறுமை என்பது என்றைக்கும் கிடையாது. ஒருவன் 'ஹேப்பி பர்த்டே சாரே' என்று போட்டான். துபாயிலிருந்து இன்னொருவன் 'நூறு வருஷம் இருக்கணும்' என்று வாழ்த்தி ஒரு கேக் படத்தையும் அனுப்பினான். அதற்குப் பிறகுதான் சாரின் மகள் ஷீலா, 'அப்பா இன்று அதிகாலையில் போய்விட்டார்' என்று எழுதினாள். சற்று நேரத்தில் அந்தக் கேக்கும் வாழ்த்துகளும் ஒவ்வொன்றாக மறைந்து, 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்ற வரிகள் மட்டும் வரிசையாக நின்றன. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அடுப்பை அணைத்துவிட்டு, கருகின தோசையின் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.

அன்று முழுவதும் குழுவில் எல்லாரும் 'ஆழ்ந்த இரங்கல்' என்ற ஒரே வரியை ஒருவரைப் பார்த்து ஒருவர் காப்பியடித்துக்கொண்டிருந்தீர்கள். பரீட்சையிலும் நீங்கள் அப்படித்தான். எனக்கு அந்த ஒரு வரி போதாது. நான் உங்கள் கணக்கு டீச்சர் ஸ்டெல்லா. பயப்பட வேண்டாம், வீட்டுப்பாடம் கேட்கப்போவதில்லை. உங்களுக்குத் தெரிந்த தாசையன் சார், மைதானத்தில் விசில் ஊதிய டிரில் சார். எனக்குத் தெரிந்த தாசையன் சார், அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளை பிடித்த சார்.

பின்னால் வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். பனச்சமூட்டிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், எல்லைக்கு இந்தப் பக்கம், கேரளத்துச் சர்க்கார் நடத்திய தமிழ்வழி உயர்நிலைப் பள்ளி அது. வேறு பள்ளிகளில் தோற்றவர்கள், பாதியில் நின்றவர்கள், மலையாளம் தலையில் ஏறாதவர்கள், இங்கிலீஷைக் கண்டு காய்ச்சல் வந்தவர்கள் எல்லாரும் வந்து சேருகிற இடம். ஊரில் அதற்கு 'கடைசிப் பள்ளிக்கூடம்' என்று பெயர். பஸ் கண்டக்டர்கூட அப்படித்தான் கூவுவார். எங்களுக்கெல்லாம் முகம் சுருங்கும். தாசையன் சார் மட்டும் கம்பீரமாக இறங்குவார். "கடைசி ஸ்டாப்புலதானே எல்லாரும் எறங்கியாகணும்? எடைவழியில எறங்கினவன் எல்லாம் வழி தவறினவனாக்கும்" என்பார்.

ஜூன் மாதம் பள்ளி திறந்து ஆறாவது வேலை நாளில் தலை எண்ணுவார்கள். கேரளத்தில் அந்த ஆறாம் நாள்தான் ஆசிரியர்களுக்குத் தீர்ப்பு நாள். அன்றைய எண்ணிக்கையை வைத்துத்தான் ஒரு வகுப்புக்கு எத்தனை டிவிஷன், பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்பதெல்லாம் முடிவாகும். ஒரு பிள்ளை குறைந்தால் ஒரு டிவிஷன் போகும். டிவிஷன் போனால், கடைசியாக வேலைக்கு வந்த ஆசிரியர் பெட்டி கட்ட வேண்டும். எண்ணி முடித்த பிறகும் நிம்மதி கிடையாது. மேலதிகாரி வருஷத்தில் எந்த நாளிலும் வந்து மறுபடி எண்ணலாம். பெயர் இருந்து ஆள் இல்லாவிட்டால் அப்போதும் இடம் போகும். அதனால் மே மாதம் முழுக்க ஆசிரியர்கள் குடையும் கையுமாக வீடு வீடாக ஏறி இறங்குவார்கள். இதற்குப் பெயரே பிள்ளை பிடிக்கப் போவது. சோறு தின்னாத குழந்தையை மிரட்ட அம்மாமார் சொல்கிற அந்தப் பிள்ளை பிடிக்கிற ஆள், எங்கள் ஊரில் உண்மையாகவே தொப்பி வைத்துக்கொண்டு வந்தார். எங்களைக் கண்டதும் பயல்கள் பிலா மரத்தில் ஏறிவிடுவார்கள்.

நான் வேலையில் சேர்ந்த வருஷம் தலைமையாசிரியை சாரதா டீச்சர் என்னை அவரோடு அனுப்பினார். பி.எட்.டில் எனக்கு யாரும் சொல்லித்தராததை அவர் முதல் வீட்டு வாசலில் சொல்லித்தந்தார். "முதல்ல நாயிக்க பேரு கேக்கணும் டீச்சரே. பிறவு ஆட்டுக்க பேரு. பிள்ளைக்க பேர அவியளே சொல்லுவினும்." அப்படியே நடந்தது. நாயின் பெயரைக் கேட்டதும் வீட்டுக்காரிக்கு முகம் மலர்ந்தது. ஆட்டுக்கு வரும்போது பாய் விரித்தாள். பையனின் பெயரைச் சொல்லும்போது கூடவே அவன் எட்டாம் வகுப்பில் தோற்றது, மாமன் வீட்டுக்கு ஓடிப்போனது எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். நானாக இருந்தால் 'கல்வியின் அவசியம்' என்று ஆரம்பித்து, அந்த நாயிடமே கடி வாங்கியிருப்பேன்.

கோலப்பனின் வேலி விஷயம் உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். தலைமுறைகளாக அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டிருந்த கோலப்பனுக்குச் சட்டப்படி பத்து சென்ட் சொந்தமாகி, பட்டயம் கைக்கு வந்து கொஞ்ச காலமே ஆகியிருந்தது. மனிதர் அந்தப் பத்து சென்ட்டைச் சுற்றி வேலி கட்டினார். பிறகு வேலியை நம்பாமல் மகனைக் காவல் வைத்தார். நாங்கள் போனபோது பையன் ஒரு கம்போடு வேலிக்குள் உட்கார்ந்திருந்தான். "படிப்பு எல்லாம் செரிதான் சாரே. இவன் அங்க வந்தா, பழைய முதலாளிக்க மாடு இங்க வரும். மாடு ஒருக்கா வந்தா பிறவு முதலாளியும் வருவாரு. இத நான் விட்டுப்போட்டு நிக்கமாட்டேன்" என்றார் கோலப்பன். நான் சட்டம் சொல்ல வாயெடுத்தேன். சார் என்னைத் தடுத்துவிட்டு வேலியை ஒரு சுற்று சுற்றி வந்தார். "நல்ல வேலி. இதுக்கு ஒரு ஆளு காவல் போராது ஓய். நான் அம்பது பேரத் தாறேன்" என்றார்.

அந்த வருஷம் முழுவதும் எட்டாம் வகுப்பின் விளையாட்டுப் பீரியட் என்பது, பள்ளியிலிருந்து ஓடிப்போய் கோலப்பனின் வேலியைச் சுற்றிவிட்டு ஓடிவருவதுதான். முன்னால் கோலப்பனின் மகன், பின்னால் அத்தனை பேர், கடைசியில் விசில். இரைச்சலைக் கேட்டுக் கேட்டு அந்த மாடு கறவையைக் குறைத்துவிட்டது என்று பழைய முதலாளி பஞ்சாயத்தில் புகார் கொடுத்தார். தேகப்பயிற்சிக்குப் பாதை எது என்று விதியில் சொல்லவில்லையே என்று சார் பதில் சொன்னார்.

நிலத்தால் வந்த பிள்ளைகளைப் பிறகு கல்ஃப் கொண்டுபோயிற்று. குவைத், மஸ்கட், துபாய் என்று ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு ஆள் விமானம் ஏறினார். ஓலை போய் ஓடு வந்தது, ஓடு போய் கான்கிரீட் வந்தது, கூடவே கான்வென்ட் பஸ்ஸும் வந்தது. கோலப்பனின் அடுத்த மகனே கழுத்தில் டையோடு அந்த பஸ்ஸில் போனான். எங்கள் நாய், ஆட்டு வித்தைகள் செல்லாமல் போயின. எல்லா வீட்டு வாசலிலும் ஒரே ஒரு கேள்விதான் எங்களுக்காகக் காத்திருந்தது.

"அது இருக்கட்டு, உங்களுக்க பிள்ளை எஞ்ச படிக்குது?"

சர்க்கார் பள்ளி ஆசிரியரைக் கொல்ல இதைவிட நல்ல ஆயுதம் கிடையாது. எங்களில் ஒருவர் பாக்கியில்லாமல் சொந்தப் பிள்ளையை கான்வென்டில்தான் போட்டிருந்தோம். அந்தக் கேள்வி வந்ததும் ஒருவருக்கு இருமல் வரும், இன்னொருவருக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். எனக்குக் கைக்குழந்தை, நான் தப்பித்தேன். தாசையன் சார் இருமவும் மாட்டார், ஓடவும் மாட்டார். "கான்வென்டிலாக்கும். மோளுக்க அம்மை குவைத்தில நர்ஸு. பிள்ளைக்க படிப்பு அம்மைக்க தீர்மானம். எனக்கு அந்த வீட்டில விசில் ஊத அனுமதி இல்ல" என்று உண்மையைச் சொல்லிவிடுவார். வீட்டுக்காரர்கள் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். வழியில் நான் அவரைக் கடிந்துகொள்வேன். கொஞ்சம் மழுப்பினால் என்ன? "வாசல்ல நிண்ணு கள்ளம் சொல்லப்பிடாது டீச்சரே. நாளைக்கும் அதே வாசலுக்குத்தான் வரணும்" என்பார்.

இனி என் கதை. என் கணவர் மஸ்கட்டில் வேலை பார்த்த கம்பெனி பூட்டிவிட்டு, அவரைப் போர்வையும் பெட்டியுமாகத் திருப்பி அனுப்பியிருந்தது. வீட்டில் வருமானம் என்பது என் சம்பளம்தான். பள்ளியில் கடைசியாக வந்தவள் நான். தமிழ்வழிக் கணக்கு டீச்சருக்கு ஜில்லாவில் வேறு காலியிடம் கிடையாது. இடுக்கி மலையிலோ பாலக்காட்டிலோ இடம் விழும்வரை வீட்டில் இருக்க வேண்டும். அந்த ஜூனில் ஐந்தாம் வேலை நாள் மத்தியானம் சாரதா டீச்சர் என்னைக் கூப்பிட்டார். எட்டாம் வகுப்பை மூன்று தடவை எண்ணிவிட்டாராம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ஸ்டெல்லே, ஒராள் குறவாணு" என்றார். ஒரே ஒரு பிள்ளை. வாசலில் நின்று கேட்ட தாசையன் சார் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, "வாங்க டீச்சரே, வெளிச்சம் உண்டு" என்றார்.

ஏறாத வாசல் இல்லை. கடைசியாக, புதிதாக மாடி கட்டிக் குடிவந்திருந்த றோசம்மாவின் வீட்டுக்குப் போனோம். கணவர் துபாயில். ஊருக்குப் புதியவள், எங்கள் ஊர்க் கதை எதுவும் தெரியாது. மகன் பிஜுவை ஒரு இங்கிலீஷ் பள்ளி இரண்டு தடவை தோற்கடித்துவிட்டு, இனி வேண்டாம் என்று அனுப்பியிருந்தது. பையன் மாடிப்படியில் உட்கார்ந்து தன் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். றோசம்மா எங்களுக்குத் துபாயிலிருந்து வந்த டாங் பொடியைக் கலக்கித் தந்தாள். எல்லாம் கேட்டாள். தலையாட்டினாள். எனக்கு நம்பிக்கை துளிர்த்த நேரத்தில் கேட்டாள்.

"சாரே, ஒரு காரியம் கேட்டா கோவிக்கப்பிடாது. சாருக்கு பிள்ளை உண்டா? எஞ்ச படிக்குது?"

நான் தரையைப் பார்த்தேன். சார் டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஒரு மோளு. எட்டாங்கிளாஸு. நம்ம ஸ்கூலிலாக்கும்."

எனக்குப் புரையேறிவிட்டது. றோசம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "அப்பம் நான் நாளைக்கு வந்து பாப்பேன். சாருக்க மோளு இருக்கிய கிளாஸில எனக்க பயலும் இருப்பான்" என்றாள். "வந்து பாருங்க" என்றார் சார். திரும்பி வரும்போது பனச்சமூடு சந்திப்பு வந்ததும், "எனக்க வாயில என்ன கேறினதுன்னு தெரியல்ல டீச்சரே" என்று மட்டும் சொன்னார். 'வேண்டாம் சார், என் தலைவிதி போலாகட்டும்' என்று நான் சொல்லியிருக்க வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்க்கலாம். நான் சொல்லவில்லை. எனக்கு வேலை வேண்டும்.

மறுநாள் காலையில் அவர் எல்லைக்கு அந்தப் பக்கமிருந்த கான்வென்டுக்குப் போய் மதரைப் பார்த்து ஷீலாவின் டி.சி. கேட்டாராம். நன்றாகப் படிக்கிற பிள்ளையை எதற்கு எடுக்கிறீர்கள், காரணம் என்ன என்று மதர் கேட்டிருக்கிறார். "எனக்க வாயாக்கும் மதரே, வேற ஒண்ணும் இல்ல" என்று சொல்லியிருக்கிறார். முதல் மணி அடிக்கும்போது ஷீலா எட்டாம் வகுப்பு முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வேறு சீருடை தைக்க நேரமில்லை. கான்வென்ட் பாவாடை, ஷூ, கழுத்தில் கோடு போட்ட டை. கண்கள் அழுது வீங்கியிருந்தன. பத்து மணிக்கு றோசம்மா வந்து ஜன்னல் வழியாகப் பார்த்தாள். டையைப் பார்த்ததும் அவளுக்குப் பள்ளியின் மேலேயே மதிப்புக் கூடிவிட்டது. பிஜுவை உள்ளே தள்ளிவிட்டுப் போனாள்.

மத்தியானம் அதிகாரி வந்தார். ஒவ்வொரு தலையாக விரல் நீட்டி எண்ணிக்கொண்டு வந்தவர், ஷீலாவிடம் வந்ததும் நின்றுவிட்டார். "இதெந்தா, டை கெட்டிய குட்டி? இது ஏது ஸ்கூளிலெயா?" சாரதா டீச்சர் கண்ணிமைக்காமல், "நம்முடெ தன்னெ சாரே" என்று நம் பள்ளிக் கணக்கிலேயே சேர்த்துவிட்டார். ஷீலாவிடம் பெயர் கேட்டார், சொன்னாள். அப்பா பெயர் கேட்டார். அவள் வாசலில் நின்ற தாசையன் சாரை ஒரு பார்வை பார்த்தாள். சொல்லமாட்டாளோ என்று பயந்தேன். சொன்னாள். டிவிஷன் நிலைத்தது, நானும் நிலைத்தேன்.

வேலை நிலைத்தது, ஆனால் குவைத் சும்மா இருக்குமா? அந்தக் காலத்தில் கல்ஃபிலிருந்து கடிதத்துக்குப் பதில் கேசட் வரும். லீவில் வருகிறவர் கையில் பேசிக் கொடுத்தனுப்புவார்கள். சாரின் மனைவி புஷ்பம் அக்கா அந்தத் தடவை ஒரு புது டேப் ரெக்கார்டரும் அனுப்பியிருந்தார். அக்காவின் கேசட் எப்போதும் ஒரு பாமாலையோடு தொடங்கும். நல்ல குரல். சார் பெருமை தாங்காமல் ரெக்கார்டரை ஆசிரியர் அறைக்கே தூக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். நாங்கள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்தோம். பாட்டு வந்தது. சாரதா டீச்சர் கண்ணை மூடித் தாளம் போட்டார். பாட்டு முடிந்து அக்கா ஒரு தடவை தொண்டையைச் செருமினார்.

"இனி சொல்லியத ஆரும் இல்லாத்த எடத்தில வச்சு கேக்கணும்."

சார் பாய்ந்து எழுந்தார். எந்தப் பொத்தான் எதற்கு என்று அவருக்குத் தெரியாது. அக்கா தொடர்ந்தார். "நான் இஞ்ச ராத்திரி டியூட்டி பாத்து கண்ணு வீங்கி கிடக்கியது அவ இங்கிலீஷ் படிக்கதுக்காக்கும். ஆரிட்ட கேட்டு அவளக் கொண்டு அந்த கடைசிப் பள்ளிக்கூடத்தில தள்ளினிய? அந்த கணக்கு டீச்சருக்கு வேலை போனா அவளுக்க மாப்பிள பாத்துக்கிடட்டு. நீங்களா அவளுக்கு மாப்பிள?" சார் கையில் பட்ட ஒரு பொத்தானை அமுக்கி விட்டார். நாடா கீச்சென்று கொஞ்சம் பின்னால் ஓடி நின்று, "நீங்களா அவளுக்கு மாப்பிள?" என்று மறுபடியும் கேட்டது. கடைசியில் பேட்டரியைப் பிடுங்கித்தான் அக்காவை நிறுத்தினார்கள். சாரதா டீச்சர் அதற்குள் கூரையில் ஒழுகல் எங்கே என்று தேட ஆரம்பித்திருந்தார். நான் வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு, வகுப்பே இல்லாத பீரியடுக்கு வகுப்பெடுக்கப் போய்விட்டேன். மீதிக் கேசட்டை வீட்டில் கேட்டாராம். கிறிஸ்மஸுக்கு வருவேன், வந்து பார்த்துத் தீர்மானிப்பேன் என்று முடிந்திருந்தது.

ஷீலா பழிவாங்கியதுதான் எல்லாவற்றிலும் பெரிது. பள்ளிக்கூடத்தில் அப்பா என்று கூப்பிடக் கூடாது, மற்றப் பிள்ளைகளைப் போல சார் என்றே கூப்பிட வேண்டும் என்று முதல் நாளே தாசையன் சார் சொல்லியிருந்தார். அவள் வீட்டிலும் சார் என்றே கூப்பிட ஆரம்பித்தாள். "சாரே, சோறு எடுத்து வச்சிருக்கு." "சாரே, மழை வருது, துணிய எடுங்க." அவர் அதை எங்களிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் சொல்லி முடித்ததும் விசிலை எடுத்துத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

வகுப்பில் அவளுக்குக் கணக்கு வரும், தமிழில் கணக்கு வராது. இருசமபக்க முக்கோணம் என்று எழுதினால் எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசித்து முடிக்கும்போது மணி அடித்துவிடும். இந்தப் பிள்ளை தோற்றால் நான் எந்த முகத்தோடு சம்பளம் வாங்குவது? கூடுதல் நேரம் உட்கார வைத்தேன், கத்தினேன், மறுபடி சொன்னேன். பக்கத்தில் பிஜுவும் உட்கார்ந்து, தனக்குச் சம்பந்தமில்லாததுபோல எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். அவள் டையின் நுனியைக் கடித்தபடி, புரியும்வரை விடாமல் கேட்பாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் களைக்க வைத்தோம்.

கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம் புஷ்பம் அக்கா வந்தார். பளபளக்கிற புடவை, பள்ளி முழுக்க செண்ட் மணம். அனுமதி கேட்காமல் என் வகுப்பில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அந்த ஒரு பீரியடில் நான் வியர்த்த வியர்வை வாழ்நாளில் வியர்த்ததில்லை. வெளியே தாசையன் சார் தென்னைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அவர் மெலிந்த ஆள் அல்ல, இரண்டு பக்கமும் தெரிந்தார். மணி அடித்ததும் அக்கா என் முன்னால் வந்து நின்றார்.

"நீயாக்குமா அந்த கணக்கு டீச்சரு?"

"ஆமாக்கா."

"நல்ல சத்தம் போடுத. எனக்க மோளு உன்னப் பாத்து பேடிச்சு நடுங்கிட்டா இருக்கா?"

நான் பதில் சொல்வதற்குள் ஷீலா பின்னாலிருந்து வந்தாள். "எனக்கு ஒரு பேடியும் இல்லம்மா. கான்வென்டில மனசிலாச்சுன்னு சும்மா சொன்னா விட்டுடுவினும். இவிய விடமாட்டாவ. நான் இஞ்சதான் இருப்பேன்."

அக்கா மகளின் டையை இழுத்துச் சரிசெய்தபடி யோசித்தார். என் வாழ்க்கையே அந்த யோசனைக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. "செரி, பத்தாங்கிளாஸு வரைக்கும் கிடக்கட்டு" என்றார். பிறகு, தோற்றுப் போனதாக யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக, "ஆனா டை கழத்தப்பிடாது" என்றார். கடைசிப் பள்ளிக்கூடத்தில் மூன்று வருஷமும் டை கட்டிய ஒரே பிள்ளை ஷீலாதான். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது அவள் "அப்பா, நில்லுங்க" என்று கூப்பிட்டதாகவும், தாசையன் சார் தன்னையல்ல என்று நினைத்துப் பத்தடி போய்விட்டதாகவும் சாரதா டீச்சர் சொன்னார்.

டிரில் சார் சொந்தப் பெண்ணையே இங்கே போட்டிருக்கிறார் என்று ஊரெல்லாம் பேச்சாகி, அடுத்த ஜூனில் பிள்ளைகள் தானாக வந்தார்கள். என் இடத்துக்கு அதற்குப் பிறகு ஆபத்து வரவில்லை. ஆனால் எனக்குள் ஒரு முள் இருந்தது. ஒரு பிள்ளையின் படிப்பைப் பணயம் வைத்து எனக்கு இரங்கிக் கொடுத்த வேலை இது என்று ஒவ்வொரு சம்பள நாளிலும் தோன்றும். நன்றி சொல்ல வாயெடுத்தால் அவர் காதில் வாங்கமாட்டார். "வாய் செய்த வேலைக்கு ஆளுக்கு எதுக்கு நன்றி?" என்று போய்விடுவார். ஓய்வு பெறும் விழாவிலும் அதையேதான் சொன்னார். நானும் அந்த வேலையை இரவல் நகையை அணிந்தவள்போலப் பயந்து பயந்தே செய்து முடித்தேன்.

அடக்கம் முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு ஷீலா எனக்குப் பாலில்லாத கட்டன்சாயா கொண்டுவந்து தந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். வங்கியில் பெரிய பதவி, தலையில் பாதி நரை. இனி எப்போது கேட்பது என்று கேட்டுவிட்டேன்.

"மக்கா, எனக்கு வேண்டித்தானே உன்ன கான்வென்டில இருந்து எடுத்தாரு. உனக்கு எனக்க மேல கோவம் உண்டா?"

அவள் ஆச்சரியமாகப் பார்த்தாள். "ஆரு சொன்னா டீச்சருக்கு வேண்டின்னு? நானும் முன்ன அப்பிடித்தான் நெனச்சேன். காலேஜில சேந்த பிறவு ஒரு நாளு அப்பாட்ட கேட்டேன். சிரிச்சாரு. 'மழை பெய்யும்பம் எல்லாம் கிரவுண்டு கிடையாது, நான் ஸ்டெல்லா டீச்சருக்க கிளாஸுக்கு வெளிய வராந்தாவில நிப்பேன். கணக்கில தோத்து தோத்து டிரில் சாரான எனக்கே மனசிலாச்சு மக்கா. அப்பமே தீர்மானிச்சாச்சு, எனக்க பிள்ளைக்கு கணக்கு சொல்லிக்குடுக்கியது இவளாக்கும்னு. உனக்க அம்மைய பேடிச்சு வாய் மிண்டாம இருந்தேன். றோசம்மைக்க வீட்டில வச்சு அது தானே வெளிய சாடிப்போட்டு. எல்லாரும் கள்ளம்னு சொல்லுதாவ. கள்ளம் இல்ல, ஒரு நாளு முந்திப்போச்சு, அம்பிடுதான்'னு சொன்னாரு."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். வராந்தாவில் அத்தனை மழைக்காலம் நின்ற மனிதர், ஒரு நாள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி இதை என்னிடம் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? ஊரிலுள்ள நாய்க்கும் ஆட்டுக்கும் பெயர் கேட்டவருக்கு, பக்கத்து நாற்காலிக்காரியிடம் 'நீ நன்றாகப் பாடம் நடத்துகிறாய்' என்று சொல்ல வாய் வரவில்லை. ஷீலாவின் கையைப் பிடித்துக்கொண்டு, சாயா ஆறும்வரை, துக்க வீடு என்பதையும் மறந்து அவரைத் திட்டினேன். அவளும் கூடச் சேர்ந்து திட்டினாள். உள்ளே கட்டிலில் கிடந்த புஷ்பம் அக்கா, "நல்லா சொல்லு ஸ்டெல்லா" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

விசிலை ஷீலா வைத்துக்கொண்டாள், தொப்பியைப் பேரன் எடுத்துக்கொண்டான். தாசையன் சாரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த வராந்தாவை. அங்கே ஒருவர் நின்று கேட்டிருக்கிறார், கேட்டுத் தன் பிள்ளைக்கு என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். ஓய்வு பெற்று இத்தனை காலம் கழித்து, எனக்கு இப்போதுதான் வேலை கிடைத்திருக்கிறது.